சர்ஜ் புரொடெக்டரைக் கழற்றிவிடலாமா?

தென்காசி மாவட்டத்தின் மலையடிவார ஊர்களுக்கு ஐந்து கிகாஹெர்ட்ஸ் ரேடியோ வழியாக இணைய இணைப்புக் கொடுத்துவரும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சித்திரைக் கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் இடி இடித்து ஓய்ந்ததும் நாலைந்து வீடுகளில் ரேடியோவின் ஈதர்நெட் போர்ட் செத்துப்போகிறது. அதனால் இந்த முறை மாடியிலும் வீட்டுக்குள்ளும் சர்ஜ் புரொடெக்டர் போட்டேன். இப்போது வானம் வெளுத்திருக்கும் நாளிலும் இணைப்பு விட்டுவிட்டு வருகிறது. 1000 எம்பிபிஎஸ் காட்ட வேண்டிய போர்ட் 100 காட்டுகிறது, சில இடங்களில் 10. புரொடெக்டரைக் கழற்றினால் உடனே சரியாகிவிடுகிறது. கழற்றிவிடலாமா?"

கழற்ற வேண்டாம். ஆனால் இப்போது இருக்கிறபடியே விட்டுவைக்கவும் வேண்டாம். எர்த் சரியில்லாத இடத்தில் அந்தப் பெட்டி கேபிளின் நடுவே புகுத்தப்பட்ட இரண்டு கூடுதல் இணைப்புகள் மட்டுமே. காப்பு கிடைக்காமல் பழுதுக்கு வழி மட்டும் திறந்திருக்கும். உங்கள் கேள்வியில் புரொடெக்டரின் எர்த் கம்பி எங்கே போய் முடிகிறது என்று ஒரு சொல்கூட இல்லை. என் பதிலில் பாதி அதைப் பற்றியதாகவே இருக்கும்.

பெயரைக் கேட்டால் மின்னலைத் தடுத்து நிறுத்தும் கருவி என்று தோன்றுகிறது. அது எதையும் தடுப்பதில்லை. கேபிளில் மின்னழுத்தம் வரம்பு மீறி ஏறும்போது அந்தக் கம்பிகளை ஒரு கணம் எர்த்துடன் சேர்த்துவிடுகிறது. ஏரிக்குக் கலிங்கு எப்படியோ அப்படி. கலிங்கு கட்டியாகிவிட்டது, ஆனால் கீழே உபரிநீர் ஓட வாய்க்கால் இல்லை என்றால் கரை உடையத்தான் செய்யும். எர்த் கம்பி மாட்டாமல் தொங்கும் புரொடெக்டர்களைப் பல மாடிகளில் பார்க்கிறேன். மாட்டியவர் மேல் குற்றமில்லை, பெட்டியோடு வரும் தாளில் இந்த ஒரு வரிதான் எப்போதும் சின்ன எழுத்தில் இருக்கிறது.

எதிர்பார்ப்பையும் சரியான அளவில் வைத்துக்கொள்ள வேண்டும். சாதாரண மின்னல் ஒன்றின் உச்ச மின்னோட்டம் 30,000 ஆம்பியர் அளவுக்கு இருக்கும். அது மாடியில் ரேடியோவைத் தாங்கி நிற்கும் உங்கள் கம்பத்தின் மேலேயே விழுந்தால் உள்ளங்கையில் அடங்கும் எந்தப் பெட்டியும் ரேடியோவைக் காப்பாற்றாது. நல்லவேளையாக, போர்ட்டுகள் சாவது பெரும்பாலும் அப்படி அல்ல. சற்றுத் தள்ளி ஒரு பனையிலோ வயலிலோ மின்கம்பியிலோ விழும் மின்னல், மாடியிலிருந்து இறங்கும் உங்கள் கேபிளில் தூண்டும் மின்னழுத்தமே முக்கியக் காரணம். இரண்டாவது காரணம் வீட்டு மின்இணைப்பு வழியாக வருவது. இந்த இரண்டையும் சமாளிக்க முடியும்.

போர்ட் எப்படிச் சாகிறது என்பதைப் பார்த்தால் புரொடெக்டரை எங்கே, எப்படிப் போடுவது என்பது தானாகப் புலப்படும். ஈதர்நெட் கேபிளின் எட்டுக் கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள். போர்ட்டுக்கும் உள்ளே இருக்கும் சில்லுக்கும் நடுவில் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. 1500 வோல்ட் மாறுமின்னழுத்தத்தை ஒரு நிமிடம் தாங்க வேண்டும் என்பது ஈதர்நெட் தரநிலையின் விதி. மின்னல் தூண்டும் அழுத்தம் கேபிளின் எட்டுக் கம்பிகளிலும் ஏறக்குறைய ஒன்றாகவே ஏறுகிறது. அப்படி ஒன்றாக ஏறும்வரை டிரான்ஸ்ஃபார்மர் அதை உள்ளே விடாது. ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளுக்கு இடையே வேறுபாடு வந்துவிட்டால் கதை மாறுகிறது. அந்த வேறுபாட்டை டிரான்ஸ்ஃபார்மர் தரவு என்றே எண்ணி உள்ளே கடத்துகிறது. சில்லு கருகுவது இதனால்தான்.

மலிவான புரொடெக்டர் போர்ட்டைக் கொல்வதும் இந்த வழியில்தான். அதற்குள் ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியாக ஒரு வாயுக்குழாய் இருக்கும்; அழுத்தம் ஏறினால் உள்ளிருக்கும் வாயு வழியாக மின்சாரத்தை எர்த்துக்குக் கடத்தும் சிறு குழாய் அது. 90 வோல்ட் என்று அதன் மேல் அச்சிட்டிருந்தாலும், மின்னலைப் போல வேகமாக ஏறும் அழுத்தத்தில் அது பல நூறு வோல்ட்டைத் தொட்ட பிறகே கடத்தத் தொடங்கும். இரண்டு குழாய்களும் ஒரே கணத்தில் கடத்தத் தொடங்கினால் நல்லது. ஒன்று ஒரு நொடியின் மிகச் சிறிய பங்கு முந்திக்கொண்டால், அதுவரை ஒன்றாக ஏறிக்கொண்டிருந்த இரண்டு கம்பிகளில் ஒன்று சட்டென்று எர்த்துக்கு இறங்க, மற்றது மேலேயே நிற்கும். டிரான்ஸ்ஃபார்மர் தடுத்திருக்கக்கூடிய ஒன்றை, அது தடுக்க முடியாத வடிவத்துக்கு மாற்றிக் கொடுத்துவிடுகிறது அந்தப் பெட்டி. நல்ல தயாரிப்புகளில் இரண்டு கம்பிகளுக்கும் பொதுவாக, மூன்று முனை கொண்ட ஒரே வாயுக்குழாய் இருக்கும். ஒரே அறை என்பதால் இரண்டும் சேர்ந்தே கடத்தும். அதன் பின்னால், அழுத்தம் வரம்பு மீறினால் விரைவாகக் கடத்தத் தொடங்கும் டிவிஎஸ் டையோடுகள் மிச்சத்தைப் பிடிக்கும். திறந்து பார்க்க வழியிருந்தால் வாங்கும் முன் ஒன்றைத் திறந்து பாருங்கள். இரண்டு கால் குழாய்கள் மட்டும் வரிசையாக நின்றால் அதை ரேடியோவுக்குப் போடாதீர்கள்.

இன்னொரு பாதை மின்சாரம் கொடுக்கும் பாதை. கேபிள் வழியாகவே மின்சாரம் அனுப்பும் பிஓஇ முறையில், பல மலிவான ரேடியோக்கள் தரநிலை சாராத 24 வோல்ட் வகையைப் பயன்படுத்துகின்றன: 4, 5 எண் கம்பிகளில் நேர்முனை, 7, 8 எண் கம்பிகளில் எதிர்முனை. அவற்றில் பலவற்றில் இந்த எதிர்முனைதான் ரேடியோவின் மின்சுற்றுப் பலகைக்குத் தரை, அதாவது பூஜ்ய வோல்ட் புள்ளி. ஆன்டெனாவின் உலோகம் அதனோடு சேர்ந்திருக்கும். ஆன்டெனா இரும்புக் கம்பத்தோடு சேர்ந்திருக்கும். ஆகவே கம்பம் ஓர் அழுத்தத்திலும் கேபிள் வேறோர் அழுத்தத்திலும் இருந்தால், அந்த வேறுபாடு முழுவதும் ரேடியோவின் பலகை வழியாகத்தான் சமனாகும். டிரான்ஸ்ஃபார்மரின் 1500 வோல்ட் தாங்குதிறன் அங்கே உதவாது.

இனி உங்கள் இரண்டாவது தொல்லை. வெயிலடிக்கும் நாளில் ஏன் இணைப்பு அறுகிறது?

100 எம்பிபிஎஸ் ஈதர்நெட் இரண்டு ஜோடிகளில் ஓடுகிறது: 1, 2 ஒரு ஜோடி, 3, 6 இன்னொன்று. மற்ற இரண்டு ஜோடிகளில் தரவு போவதில்லை. பழைய புரொடெக்டர்கள் இந்தக் காலத்துக்காக வடிவமைக்கப்பட்டவை. தரவு ஜோடிகளில் மென்மையான பாகங்களையும், 4, 5, 7, 8 இல் மின்சாரம் மட்டுமே போகும் என்று நம்பிக் கனமான பாகங்களையும் வைத்திருப்பார்கள். கனமான டையோடுகளுக்கு மின்தேக்குதிறன் நூற்றுக்கணக்கில், சிலவற்றுக்கு ஆயிரக்கணக்கில் பிக்கோஃபாரடு இருக்கும். நேர்மின்சாரத்துக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் கிகாபிட் ஈதர்நெட் நான்கு ஜோடிகளிலும் தரவை அனுப்புகிறது. சில பிக்கோஃபாரடுக்கு மேல் போனாலே அந்த அலைகள் சிதையத் தொடங்கும். உங்கள் புரொடெக்டர்கள் இந்த வகையாக இருந்தால் கிகாபிட் அவற்றின் வழியாக ஒருபோதும் ஒழுங்காகப் போகாது.

ஏன் நேராக 100க்கு இறங்கி அங்கேயே அமைதியாக நிற்பதில்லை என்றும் நீங்கள் வியந்திருக்கலாம். இரண்டு முனைகளும் எந்த வேகத்தில் பேசுவது என்று முடிவு செய்யும் பேச்சுவார்த்தை முதல் இரண்டு ஜோடிகளில் மட்டும் நடக்கிறது. அவை நன்றாக இருந்தால் இரண்டு பக்கமும் கிகாபிட்டுக்கு ஒப்புக்கொண்டுவிடும். பிறகு நான்கு ஜோடிகளையும் இயக்கிப் பார்க்கும்போது மற்ற இரண்டும் கைவிடும். இணைப்பு விழும். மறுபடியும் பேச்சுவார்த்தை, மறுபடியும் கிகாபிட், மறுபடியும் விழுதல். சில சில்லுகள் சில முறை தோற்றதும் தாமாக 100க்கு இறங்கிக்கொள்ளும். மற்றவை விடியும்வரை இதையே செய்துகொண்டிருக்கும். வாடிக்கையாளர் "நெட் வருது போகுது" என்று சொல்வது இதைத்தான்.

வீட்டு இணைப்புகளுக்கு இதற்கு எளிய தீர்வு உண்டு. வாடிக்கையாளருக்குக் கொடுப்பது 30 அல்லது 50 எம்பிபிஎஸ் திட்டம் என்றால் கிகாபிட் போர்ட்டால் அவருக்கு எந்தப் பயனும் இல்லை. ரேடியோவிலோ ரவுட்டரிலோ, அறிவிக்கும் வேகங்களின் பட்டியலிலிருந்து கிகாபிட்டை நீக்கிவிடுங்கள். தானியங்கிப் பேச்சுவார்த்தையை மட்டும் அணைத்துவிடாதீர்கள். ஒரு பக்கம் 100 முழு இருவழி (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடிவது) என்று கட்டாயப்படுத்தி, மறுபக்கம் தானியங்கியாக இருந்தால், தானியங்கிப் பக்கம் அரை இருவழிக்கு (மாறி மாறி மட்டும்) போய்விடும். இணைப்பு விளக்கு எரியும், பிங்கும் போகும், ஆனால் தரவிறக்கம் நொண்டும். இந்தப் பழுதைத் தேடிப் பலர் ரேடியோவையே மாற்றியிருக்கிறார்கள். ஊர்களுக்கு இடையே தரவைச் சுமக்கும் டவர் இணைப்புகளுக்குக் கிகாபிட் வேண்டும்தான். அங்கே கிகாபிட்டுக்கும் உங்கள் பிஓஇ அழுத்தத்துக்கும் பொருந்தும் என்று தயாரிப்பாளர் தெளிவாகச் சொல்லும் புரொடெக்டரை மட்டும் வாங்குங்கள்.

அழுத்தம் பொருந்துவதும் சின்ன விஷயம் இல்லை. 24 வோல்ட்டுக்கான டையோடு உள்ள பெட்டியை 48 வோல்ட் பிஓஇயில் மாட்டினால், அது இல்லாத மின்னலை எந்நேரமும் தடுத்துக்கொண்டு சூடேறும். 48 வோல்ட் என்று சொல்லப்படும் தரநிலைப் பிஓஇ உண்மையில் 57 வோல்ட் வரை போகலாம். நிறுவனத்துக்கு நிறுவனம் நேர்முனை, எதிர்முனை மாறியிருப்பதும் உண்டு. கையில் மல்டிமீட்டர் இருக்கும்போது ஊகம் எதற்கு? மாட்டும் முன் ஒருமுறை அளந்து பாருங்கள்.

புரொடெக்டரைக் கழற்றியதும் சரியாகிவிட்டது என்பதால் அதுதான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. அது எல்லைக்கோட்டில் நின்ற ஒரு கேபிளைக் கீழே தள்ளியிருக்கலாம். ஈதர்நெட்டுக்கு 100 மீட்டர் எல்லை என்பது, 90 மீட்டர் நிலையான கேபிளும் 10 மீட்டர் இணைப்புக் கம்பிகளும், இடையில் அதிகபட்சம் நான்கு இணைப்பான்களும் என்ற கணக்கு. இரண்டு முனையிலும் புரொடெக்டர் வைத்தால் அந்த இணைப்பான் கணக்கில் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. புரொடெக்டரிலிருந்து ரேடியோவுக்குப் போகும் அரை மீட்டர் துண்டு, பெரும்பாலும் மாடியில் வெயிலில் உட்கார்ந்து அவசரமாகக் கிரிம்ப் செய்தது, அதாவது முனையில் இணைப்பானை அழுத்திப் பொருத்தியது. பழுது அங்கேதான் ஒளிந்திருக்கும். புரொடெக்டர் உள்ள கேபிள் ஓட்டத்தை 80 மீட்டருக்குள் வைத்துக்கொள்வது என் வழக்கம்.

கிரிம்ப் பற்றிப் பேசும்போது ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நிறங்களை ஜோடி ஜோடியாக 1 முதல் 8 வரை நேராக அடுக்கிக் கிரிம்ப் செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டு முனையிலும் ஒரே வரிசை என்பதால் சோதனைக் கருவியில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும். ஆனால் 3, 6 ஒரே முறுக்கிய ஜோடியாக இருக்க வேண்டும். நேராக அடுக்கினால் 3 ஒரு ஜோடியிலும் 6 இன்னொரு ஜோடியிலும் போய்விடும், முறுக்கின் பயன் தொலைந்துவிடும். ஐந்து மீட்டரில் ஓடும், நாற்பது மீட்டரில் தடுமாறும். விளக்குச் சோதனைக் கருவி இதை ஒருநாளும் காட்டாது. முனையைக் கண்ணால் பார்த்து, பச்சை ஜோடியோ ஆரஞ்சு ஜோடியோ பிரிந்து நின்று நடுவே நீல ஜோடிக்கு இடம் விட்டிருக்கிறதா என்று உறுதிசெய்வதுதான் வழி.

அடுத்தது கேபிளின் உலோகம். கடைகளில் விலை குறைவாகக் கிடைக்கும் கேபிள் பெட்டிகளில் பெரும்பாலானவை செம்பு பூசிய அலுமினியம். கத்தியால் கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். 24 கேஜ் சுத்தச் செம்பின் மின்தடை 100 மீட்டருக்கு 8.4 ஓம் அளவில் இருக்கும். தரநிலையின் உச்ச வரம்பே 9.38 ஓம்தான். பூச்சு அலுமினியம் 13 ஓம் வரை போகும். 80 மீட்டர் ஓட்டத்தில் 24 வோல்ட் பிஓஇ 0.4 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். செம்பில் 2.7 வோல்ட் இழப்பு, அலுமினியத்தில் 4.2 வோல்ட். ரேடியோ முழு வேகத்தில் அனுப்பத் தொடங்கும் கணத்தில் அழுத்தம் விழுந்து அது அணைந்து மீண்டும் எழும். அதையும் "லிங்க் போகுது" என்றுதான் சொல்வோம். அலுமினியம் வளைவில் எளிதில் ஒடியும், ஈரம் பட்டால் பொடியும். வெளியே போகும் கேபிளுக்கு அதை வாங்காதீர்கள். எந்தச் சிக்கனமும் இதற்கு ஈடாகாது.

ஈரம் தனி எதிரி. கேபிள் மேலிருந்து நேராகப் பெட்டிக்குள் இறங்கினால் மழைநீர் உறையின் மேல் வழிந்து அப்படியே உள்ளே போகும். நுழைவாயிலுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு, பிறகு மேலேறி நுழையும்படி வையுங்கள். எந்நேரமும் நேர்மின்சாரம் ஓடும் இணைப்பானில் ஒரு துளி நீர் நின்றால் போதும், சில வாரங்களில் பச்சை பூத்துப் பல்லெல்லாம் அரித்துவிடும். மாடியில் வைக்கும் புரொடெக்டர் வெளிப்புறத்துக்கானதா என்று பாருங்கள். உள்ளறைக்கான பெட்டியை பாலிதீன் பையில் கட்டித் தொங்கவிட்டால் உள்ளே வேர்த்து இன்னும் விரைவாக அரிக்கும்.

பழுது எதனால் என்று கண்டுபிடிக்க, அது எப்போது வருகிறது என்று கேட்பது எனக்குப் பிடித்த முறை. ரவுட்டரில் இரண்டு எண்களைக் குறித்துவையுங்கள்: இணைப்பு எத்தனை முறை விழுந்தது, எஃப்சிஎஸ் பிழைகள், அதாவது வழியில் சிதைந்து வந்த தரவுத் துண்டுகள், எத்தனை. மைக்ரோடிக் போன்ற ரவுட்டர்களில் இவை இரண்டும் போர்ட் விவரத்திலேயே தெரியும். நல்ல கேபிளில் எஃப்சிஎஸ் பிழை பூஜ்யத்தை ஒட்டியே இருக்க வேண்டும். காற்றடிக்கும்போது இணைப்பு விழுந்தால் கிரிம்ப் தளர்ந்திருக்கிறது. மழைக்கு மறுநாள் தொடங்கி இரண்டு நாள் வெயிலில் சரியானால் ஈரம். பக்கத்துத் தோட்டத்தில் பம்ப்செட் போடும் நேரத்தில் பிழை எண்ணிக்கை குதித்தால் எர்த்தையும் கேபிளின் உறைக்கவசத்தையும் சந்தேகியுங்கள். நாள் முழுதும் ஒரே சீராகப் பிழை ஏறி, கிகாபிட்டை நீக்கியதும் நின்றுவிட்டால் புரொடெக்டரையோ, கிகாபிட் மட்டும் பயன்படுத்தும் நீல, பழுப்பு ஜோடிகளையோ (4, 5, 7, 8) பாருங்கள். எஃப்எம் ஒலிபரப்புக் கோபுரத்துக்கு அருகில் கவசமில்லாத கேபிள் போட்டாலும் சீரான பிழை வரும். அங்கே கவசக் கேபிள்தான் மருந்து. நேற்றுவரை ஒழுங்காக ஓடி, இடிக்குப் பின் முற்றிலும் நின்றுவிட்ட இணைப்பில் முதலில் புரொடெக்டரைத் தாண்டி நேராக இணைத்துப் பாருங்கள். டிவிஎஸ் டையோடு தாங்க முடியாத அடியை வாங்கினால் பெரும்பாலும் குறுக்கிணைந்து (ஷார்ட் ஆகி) போகும். இணைப்பு நிற்கும், ஆனால் ரேடியோ பிழைத்திருக்கும். அந்தப் பெட்டி பழுதானது என்று கோபப்பட வேண்டாம். அது தன் விலைக்கான வேலையை முழுதாகச் செய்துவிட்டது. வேறொன்று மாட்டுங்கள்.

இப்போது எர்த்துக்கு வருகிறேன். கேட்பவர்கள் எல்லோரும் எர்த் குழியின் ஓம் எவ்வளவு இருக்க வேண்டும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஓம் குறைவாக இருப்பது நல்லதுதான். ஆனால் அதைவிட முக்கியம், வீட்டில் இருக்கும் எல்லா எர்த்தும் ஒன்றோடொன்று சேர்ந்திருப்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் கம்பத்துக்குத் தனியாக ஒரு குழி வெட்டி 10 ஓம் கொண்டுவந்துவிட்டீர்கள். அது நல்ல எர்த். 10,000 ஆம்பியர் அதில் இறங்கினால் அந்தக் குழியும் கம்பமும் 1,00,000 வோல்ட்டுக்கு ஏறும். வீட்டின் மின்வாரிய இணைப்புக்கான எர்த் நான்கு மீட்டர் தள்ளித் தனியாக, தன் இடத்திலேயே நிற்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரே பாலம் உங்கள் ஈதர்நெட் கேபிள்தான். ஒரு முனையில் ரேடியோ, மறுமுனையில் ரேடியோவுக்கு மின்சாரம் கொடுக்கும் பிஓஇ அடாப்டரும் ரவுட்டரும். தனி எர்த் போட்ட பிறகு முன்பைவிட அதிகம் சாகிறது என்று சிலர் புலம்புவதற்கு இதுவே காரணம்.

ஆகவே கம்பத்தின் குழியையும் வீட்டு எர்த்தையும் 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியாலோ பட்டையாலோ இணையுங்கள். எல்லாம் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கட்டும். வேறுபாடு இல்லாத இடத்தில் மின்னோட்டம் ஓடாது. மலையடிவாரத்தில் இரண்டடி தோண்டியதும் பாறை வரும் ஊர்களில், நல்ல ஓம் கிடைக்கவில்லை என்று முயற்சியைக் கைவிட வேண்டாம். அங்கே இந்த ஒன்றிணைப்புதான் உங்களைக் காப்பாற்றும். குழிக்கு இடம் கிடைத்தால் எர்த்திங்குக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 3043 சொல்லும் அளவு கையில் இருக்கிறது: 38 மில்லிமீட்டருக்குக் குறையாத விட்டமுள்ள, குறைந்தது 2.5 மீட்டர் நீள ஜிஐ பைப்.

எர்த் கம்பி எவ்வளவு தடிமன் என்பதைவிட எவ்வளவு நீளம் என்பதே புரொடெக்டருக்கு முக்கியம். நேரான கம்பி ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு மைக்ரோஹென்றி மின்தூண்டல் கொண்டது. 8 மைக்ரோநொடியில் 5000 ஆம்பியருக்கு ஏறும் ஓர் எழுச்சி அதில் ஓடினால், மீட்டருக்கு 625 வோல்ட் உருவாகும். மூன்று மீட்டர் பச்சைக் கம்பியைச் சுருட்டிக் கட்டி எர்த் கொடுத்திருந்தால், புரொடெக்டர் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் ரேடியோ கிட்டத்தட்ட 2000 வோல்ட்டைப் பார்க்கும். அதனால் மாடியில் புரொடெக்டரை அந்தக் கம்பத்திலேயே பொருத்தி, அரை மீட்டருக்குள் கம்பத்தோடு போல்ட் போட்டு இணையுங்கள். ரேடியோவுக்கு எர்த் திருகு இருந்தால் அதையும் அதே இடத்தில் சேருங்கள். பெயின்ட் பூசிய இரும்பின் மேல் போல்ட் போட்டால் எர்த் ஆகாது. சுரண்டிப் பளபளக்கும் உலோகத்தில் போட்டு, பிறகு துருப்பிடிக்காமல் பூச்சுக் கொடுங்கள். கம்பத்திலிருந்து கீழே இறங்கும் கம்பி கூர்மையான வளைவில்லாமல் நேராக இறங்கட்டும். மிச்சமிருக்கும் நீளத்தை வெட்டி எறியுங்கள், சுருட்டி வைக்காதீர்கள்.

கவசக் கேபிளைப் பற்றி ஒரு சொல். அதனுள் ஓடும் வெற்றுக் கம்பி, உலோக உறை கொண்ட ஆர்ஜே-45 இணைப்பானை (கேபிள் முனையில் கிரிம்ப் செய்யும் எட்டுப் பல் இணைப்பான்) தொட்டால்தான் கவசம். அந்த இணைப்பான் உலோகக் கூடுள்ள போர்ட்டில் உட்கார்ந்து, அந்தப் போர்ட் எர்த்துக்குப் போனால்தான் கவசம். பிளாஸ்டிக் இணைப்பான் போட்டு முடித்த கவசக் கேபிள், சாதாரணக் கேபிளைவிட விலை அதிகமான சாதாரணக் கேபிள்.

வீட்டுக்குள் இருக்கும் முனையில் பிஓஇ அடாப்டருக்கு இரண்டு முள் பிளக்கா, மூன்று முள்ளா என்று பாருங்கள். இரண்டு முள் என்றால் அதற்கு எர்த் என்பதே கிடையாது, அங்கே புரொடெக்டருக்குத் தனி எர்த் கம்பி கொண்டுவந்தே ஆக வேண்டும். மூன்று முள் இருந்தாலும் சுவரின் துளைக்குப் பின்னால் கம்பி இருக்கிறதா என்பது வேறு கேள்வி. பழைய வீடுகளில் எர்த் துளை வெறும் அலங்காரமாக நிற்பது சாதாரணம். எலக்ட்ரீஷியனை வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட் அருகிலும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டும் காட்ட வேண்டும். எர்த் இல்லையென்றால் அதைச் சரிசெய்யாமல் உங்கள் கருவியை அங்கே வைக்காதீர்கள். அந்த வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைத் தொடும் பிள்ளைகளுக்கும் அது நன்மை.

மின்இணைப்பு வழியாக வரும் அடியை ஈதர்நெட் புரொடெக்டர் தடுக்கும் என்று நினைக்கக் கூடாது. கிராமங்களில் மின்கம்பிகள் திறந்த வெளியில் நீண்ட தூரம் ஓடுகின்றன. அவற்றில் தூண்டப்படும் எழுச்சி அடாப்டர் வழியாக லான் போர்ட்டுக்கு வருகிறது. மீட்டர் பெட்டிக்கு அருகில் மின்இணைப்புக்கான இரண்டாம் வகை எஸ்பிடி (மின்கம்பிக்கான சர்ஜ் புரொடெக்டர்) ஒன்று போட்டால் இது பெருமளவு தீரும். நியூட்ரல் அறுந்து 400 வோல்ட் வரை ஏறி நிமிடக்கணக்கில் நிற்கும் பழுது வேறு வகை. எஸ்பிடி அதைத் தாங்காது, கருகிவிடும். அது அடிக்கடி நடக்கும் ஊரில், அழுத்தம் கூடினால் துண்டித்துவிடும் கருவியும் சேர்த்துப் போட வேண்டும்.

எல்லா வீட்டுக்கும் இரண்டு புரொடெக்டர் தேவையா? தேவையில்லை என்பது என் கருத்து. மூன்று மீட்டர் கம்பமும் பதினைந்து மீட்டர் கேபிளும் உள்ள வீட்டில், கம்பத்தை ஒழுங்காக எர்த்தோடு இணைத்து, கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு நல்ல புரொடெக்டர் வைத்தால் போதும். மேலே இன்னொன்று வைத்தால் காப்பு சற்றுக் கூடும், ஈரத்தில் கெடும் இணைப்புகளும் கூடும். டவரில் அப்படி இல்லை. அங்கே உச்சியில் ஒன்றும் அடியில் ஒன்றும் கட்டாயம்.

டவருக்கு இன்னும் நல்ல வழி கண்ணாடி இழை. உச்சிக்கு ஃபைபர் ஏற்றி, மின்சாரத்தைத் தனி நேர்மின் கம்பியில் அனுப்பினால், தரவுப் பாதை வழியாக எதுவும் உள்ளே வர முடியாது. மின்சாரக் கம்பி மட்டுமே மிச்சம். அதில் வேகத் தரவு ஓடாததால் மின்தேக்குதிறனைப் பற்றிக் கவலையின்றிக் கனமான காப்பைப் போடலாம். தெருவில் வீட்டுக்கு வீடு அந்தரத்தில் இழுத்த ஈதர்நெட் கேபிள் உங்களிடம் இருந்தால் அதை முதலில் ஃபைபருக்கு மாற்றுங்கள். இரண்டு வீடுகளின் எர்த்தையும் இணைக்கும் அந்தக் கேபிளை எந்தப் புரொடெக்டரும் நெடுநாள் காக்காது. ஃபைபர் வாங்கும்போது தாங்கு கம்பி எஃகா, நார்ச்சேர்மமா என்று கேளுங்கள். எஃகு என்றால் மின்னல் அதன் மேல் நடந்து வரும். வீட்டுக்கு வெளியிலேயே அதைப் பிரித்துக் கட்டிவிட வேண்டும்.

உங்கள் ஊரில் எங்கே தொடங்குவது என்றால், போர்ட் திரும்பத் திரும்பச் சாகும் வீடுகளிலிருந்து. அங்கே முதலில் இரண்டு எர்த்தும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், பிறகு அடாப்டரின் மூன்றாவது முள், பிறகு கம்பத்தின் போல்ட். இவை முடியும்வரை புதிய புரொடெக்டருக்குப் பணம் செலவழிக்காதீர்கள். இணைப்பு மட்டும் விட்டுவிட்டு வரும் மற்ற வீடுகளில் ரேடியோவில் கிகாபிட்டை நீக்கிவிட்டு ஒரு வாரம் பிழை எண்ணிக்கையைக் கவனியுங்கள். ஏறவில்லை என்றால் கேபிளைத் தொட வேண்டாம். ஏறினால் அந்த அரை மீட்டர் துண்டுகளை, வெயில் தாழ்ந்த நேரத்தில், கீழே உட்கார்ந்து புதிதாகக் கிரிம்ப் செய்து எடுத்துப்போங்கள். மாட்டும் ஒவ்வொரு புரொடெக்டரின் மேலும் மாதத்தையும் ஆண்டையும் அழியாத மையில் எழுதிவையுங்கள். எந்த வீட்டில் எத்தனை மழைக்காலம் அது தாங்குகிறது என்று தெரிந்தால், எர்த் இன்னும் சரியாகாத வீடு எது என்பதும் தெரிந்துவிடும். வானம் இருட்டிக்கொண்டு வந்தால் வேலை பாதியில் நின்றாலும் கம்பத்தை விட்டு இறங்கிவிடுங்கள்.